பொதிகைச் சீட்டுக்குப் பல்லாண்டு

கூட்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று உலகத்துக்கு முதலில் பாடம் எடுத்தது பொதிகை மலைதான். கயிலாயத்தில் சிவபெருமானுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தவர்களும் வைக்காதவர்களும் வடக்கே போய்க் குவிந்ததில் பூமி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. சிவன் பதறவில்லை. அகத்தியரைக் கூப்பிட்டுத் தெற்கே போகச் சொன்னார். ஒரே ஓர் ஆள் போனார், பூமி நிமிர்ந்தது. கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று முனிவர் முகம் வாடியதற்காக, பாபநாசத்தில் அவருக்கென்று தனியாகக் கல்யாணக் காட்சியும் காட்டப்பட்டது.

ஆக, ஆள்கணக்குப் பார்ப்பது அந்த மலைக்குப் பிறவிக் குணம். அந்தக் குணம் கெடாமல் இன்று காப்பாற்றி வருவது கேரள வனத்துறை. சிவன் அனுப்பியது ஒருவரை. துறை அனுப்புவது நாளொன்றுக்கு நூறு பேரை. கடவுளைக் காட்டிலும் நூறு மடங்கு தாராளம். இதற்கு ஒரு பல்லாண்டு பாடாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம் என்பதால் இந்தக் கட்டுரை.

பொதிகையின் உச்சியை மலையாளத்தில் அகஸ்தியார்கூடம் என்கிறார்கள். உயரம் 1,868 மீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டிப் போனால் போணக்காடு என்று ஒரு தேயிலைத் தோட்டம் வரும். அங்கே உள்ள வனத்துறைச் சாவடியில் காலையில் ஆஜராக வேண்டும். முதல் நாள் பதினைந்து கிலோமீட்டர் போல நடந்தால் அதிருமலை முகாம். மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்கி அதே முகாமில் படுக்கை. மூன்றாம் நாள் இறக்கம். வழக்கமாக ஜனவரி நடுவில் திறந்து பிப்ரவரி கடைசிக்குள் மூடிவிடுவார்கள். ஒரு பருவத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் பேர் போய்வந்தால் அதிகம். கட்டணம் 2025இல் 2,700 ரூபாய். அதில் 500 சூழல் மேம்பாட்டுக்கு. சாப்பாடு அதில் சேராது. காடு பிழைக்க வேண்டுமானால் கணக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் வியப்பது, அந்த நூறு பேரைப் பொறுக்கி எடுக்கும் திறமையை.

முதலில் பாதை விஷயம். நான் தாமிரபரணிக்கரைக்காரன். மழை வெறித்த காலையில் அம்பாசமுத்திரத்தில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் மேற்கே பொதிகை தெரியும். எங்கள் பெரியவர்கள் காலத்தில் பாபநாசத்தில் குளித்துவிட்டு, காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி என்று ஆற்றை ஒட்டியே ஏறிப் போனார்கள். இப்போது அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அந்தப் பாதை யாத்திரைக்கு மூடிக்கிடக்கிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண்ணெதிரே நிற்கும் மலையைக் கும்பிட நினைத்தால், செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, பாலோடு வழியாக மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் முதுகுப்பக்கம் போய்த்தான் ஏற வேண்டும். பழனியில் கிரிவலம் வந்தால் புண்ணியம் என்கிறோம். இங்கே அது பஸ் டிக்கெட்டோடு தானாகவே கிடைத்துவிடுகிறது.

இதில் புலியின் நாகரிகத்தையும் சொல்ல வேண்டும். மலையின் மேற்குச் சரிவில் ஒரு நாளைக்கு நூறு பேர் போனாலும் அதற்கு இடைஞ்சல் இல்லை. கிழக்குச் சரிவில் கோவணம் கட்டிய ஒரு சாமியார் போனால் அதன் நிம்மதி கெட்டுவிடும். மாநில எல்லையை இவ்வளவு துல்லியமாக மதிக்கும் குடிமகனை நான் மனிதர்களில் பார்த்ததில்லை. தமிழ்நாடு வனத்துறையும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்து இணைய முன்பதிவு வைத்தது. பொதிகை உச்சி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அண்டை மாநிலத்து வருமானத்தில் கைவைக்காத அந்தப் பெருந்தன்மை ஆற்றுத் தண்ணீர் விஷயத்தில் ஏன் யாருக்கும் வருவதில்லை என்பது வேறு கதை.

இனி நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை. பழைய காலத்தில் பொதிகைக்குப் போகிறவர் விரதம் இருந்தார். ஊர்ப்பெரியவர் பார்த்து, இவன் தாங்குவான், இவன் வழியில் உட்கார்ந்துவிடுவான் என்று கணித்தார். எவ்வளவு தடுமாற்றம், எவ்வளவு பாரபட்சம்! இப்போது ஒரே அளவுகோல்: அறிவித்த நாளில், அறிவித்த மணிக்கு, யார் விரல் முந்துகிறது? பக்தி உண்டா, தாவரவியல் தெரியுமா, காட்டில் வாயை மூடிக்கொண்டு நடக்க வருமா என்றெல்லாம் தளம் கேட்பதில்லை. பெயர், வயது, அடையாள அட்டை, போட்டோ, பணம். சாதி மத பேதமில்லாத சமத்துவம் என்று நூறு வருஷமாக மேடையில் முழங்கினார்களே, அது கடைசியில் ஒரு கட்டணப் பக்கத்தில்தான் சித்தித்தது. நல்ல ஃபைபர் இணைப்பு உள்ளவரெல்லாம் அங்கே சமம்.

முன்பதிவு திறக்கும் நாளில் எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். மேஜையில் ஆதார் நகல்கள் அடுக்கி, பறக்காமல் இருக்க மேலே ஒரு ஸ்டேப்ளர் வைத்திருக்கும். போட்டோக்களை முந்தின நாளே தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கி, பெயர் போட்டு வைத்திருப்பார்கள். கடைக்கார அண்ணாச்சி இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு வெவ்வேறு கம்பெனி நெட்டைத் திறந்து வைத்திருப்பார். ஒரு பையன் செல்போனில் தயாராக நிற்பான். ஸ்டூலில் ருத்திராட்சம் போட்ட பெரியவர் ஒருவர், டோக்கன் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"ஏல, ஓடிபி வந்துட்டா?"

"எனக்கு வரல அண்ணாச்சி. சுத்திக்கிட்டே கெடக்கு."

"பாட்டையா, ஒங்க போன எடுங்க. ஒங்களுக்கு வந்திருக்கும்."

பெரியவர் மடியை அவிழ்த்து, சுருக்குப்பையிலிருந்து பொத்தான் போனை எடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையை நீட்டிப் பிடிப்பார். "ஆறு... நாலு... தம்பி, இது மூணா, எட்டா?" அந்த ஒரு கேள்வியில் அவருடைய பொதிகை போய்விடும். அண்ணாச்சி எட்டிப் பார்த்து எண்ணைத் தட்டி முடிப்பதற்குள், அவர் கேட்ட தேதிக்கு எதிரே பூஜ்யம் நிற்கும்.

"காரையாத்து வழியா எங்கப்பாகூடப் போனேன். அப்பம் யாரும் இந்த நம்பரெல்லாம் கேக்கல," என்பார் பெரியவர்.

"அது சரி பாட்டையா. அப்பம் புலிக்கே தெரியாது, தான் காப்பகத்துல இருக்கோம்னு," என்பார் அண்ணாச்சி, அடுத்த ஆதாரை எடுத்துக்கொண்டே.

கொச்சியில், பெங்களூரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் மூன்று திரைகளோடு உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு அந்த எட்டும் மூன்றும் குழம்பாது. அவர் ஜெயித்தது நியாயம்தான். காட்டில் யானை குறுக்கே வந்தால் இதே வேகத்தில்தானே முடிவெடுக்க வேண்டும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம் என்பது வெகுகாலமாக இருந்துவரும் ஏற்பாடு. நூறைப் பத்தால் வகுக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் அழகு புரியும். பத்து விரல்கள் முந்தினால் ஒரு நாள் முழுக்க முடிந்தது. தனியாகப் போக நினைக்கும் யாத்ரீகர், பறவை பார்க்கிறவர், ரிட்டயர் ஆன வாத்தியார் போன்ற உதிரிகள் வந்து மலையின் அமைதியைக் குலைக்காமல், ஒரே கம்பெனி, ஒரே டீ-ஷர்ட், ஒரே ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று ஒழுங்கான அணிகளாக ஆட்கள் வந்து சேர்வார்கள். காட்டில் சத்தம் போடக் கூடாது என்று விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அவர்களும் மெதுவாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் யோசெமிட்டி என்ற தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்று ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அங்கே நாளொன்றுக்கு 300 பேர். அந்த மக்குகள் மார்ச் மாதம் பூராவும் நிதானமாக விண்ணப்பம் வாங்கி, பிறகு குலுக்கல் போடுகிறார்கள். மார்ச் முதல் தேதி விடிகாலை விண்ணப்பித்த சூரனுக்கும், கடைசி நாள் ராத்திரி பேரனைக் கூப்பிட்டு விண்ணப்பித்த கிழவிக்கும் ஒரே வாய்ப்பாம். விரைவுக்கு மரியாதை இல்லாத இடம். ஆனால் அவர்களிடமும் ஒரு சாமர்த்தியம் உண்டு: விண்ணப்பக் கட்டணம் 10 டாலர், குலுக்கலில் விழாவிட்டாலும் திரும்ப வராது. மலைக்குப் போகாதவர்களிடம், போகாததற்காகவே பணம் வாங்கும் இந்த வித்தை நம் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. தயவுசெய்து யாரும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

சீட்டுக் கிடைத்துவிட்டால் அடுத்த படி, உடல்தகுதிச் சான்று. பதிவு பெற்ற மருத்துவரிடம் வாங்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இந்த விதியை இயற்றியவர் மனித இதயத்தை நன்கு அறிந்தவர். முன்பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், பெரும்பாலும் பணம் கட்டிய பிறகுதான் நெஞ்சைப் பரிசோதிக்கும் வேளை வருகிறது. 2,700 ரூபாய் கட்டிவிட்ட எந்த நெஞ்சும் அதன்பிறகு ஏடாகூடமாகத் துடிக்காது. டாக்டர்களும் பொறுப்பானவர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சான்று வாங்கப் போனபோது டாக்டர் நாடியைக்கூடத் தொடவில்லை. "என் கிளினிக் மாடியில இருக்கு. ஏறி வந்துட்டீங்கள்ல? பிறகென்ன," என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இதைவிட விஞ்ஞானபூர்வமான சோதனை வேறில்லை. அந்த மாடி பதினெட்டுப் படி. பொதிகை 1,868 மீட்டர். விகிதாசாரம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா?

பாதையில் 'ஏழுமடக்கு' என்று ஒரு ஏற்றமும், 'முட்டிடிச்சான்' என்று இன்னொன்றும் உண்டு. முட்டிடிச்சானில் மடக்கிய முழங்கால் மார்பை வந்து இடிக்கும். அந்த இடத்தில் சான்றிதழை எடுத்து விசிறிக்கொள்ளலாம். காகிதம் கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது.

பெண்கள் விஷயத்தில் துறை காட்டிய அக்கறை தனி அத்தியாயம். 2018 வரை அவர்களைக் கரடுமுரடான உச்சிப்பாதையின் சிரமம் எதுவும் அண்டாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். முகாமில் வசதி இல்லை, மலைப் பழங்குடிகளான காணி மக்களின் நம்பிக்கை, மலை கடினம் என்று காரணங்கள் தாய்ப்பாசத்தோடு அடுக்கப்பட்டன. ஆண்களுக்கு அதே முகாமில் என்ன வசதி இருந்தது என்று கேட்கக் கூடாது. ஆண்களுக்கு வசதி தேவையில்லை, மரம் போதும். கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பர் 30 அன்று, பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்த ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராகத் திருவனந்தபுரத்தில் இருந்த தன்யா சனல், ஆண்கள் நிறைந்த முதல் அணியோடு கிளம்பிப் போய் உச்சியைத் தொட்டுத் திரும்பினார். காணி மக்கள் போணக்காட்டில் வழிபாடு நடத்தித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். வழியை யாரும் மறிக்கவில்லை. மலை அப்படியே இருக்கிறது. பாபநாசத்தில் அகத்தியர் பக்கத்தில் நிற்கிறாளே லோபாமுத்திரை, அவளுக்கும் கணவர் வீட்டுக்குப் போக சட்டப்படி வழி பிறந்தது அன்றைக்குத்தான். தீர்ப்புக்குப் பிறகு வந்த அறிவிப்பில் துறை தன் உயர்ந்த மனத்தை ஒரே வரியில் காட்டியது: பெண்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டுவரை கொடுத்துவந்த அத்தனை பெரிய தனிச் சலுகையை ஒரே வரியில் ரத்து செய்ய நல்ல துணிச்சல் வேண்டும்.

நாள் பார்ப்பதிலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. அகத்தியரின் நட்சத்திரம் மார்கழி ஆயில்யம். சித்த மருத்துவ உலகம் முழுக்க அன்றைக்குத்தான் விழா எடுக்கிறது. மத்திய ஆயுஷ் அமைச்சகம்கூட அந்த நாளைத்தான் சித்த மருத்துவ தினமாக வைத்திருக்கிறது. பொதிகை வழக்கமாகத் திறப்பது தை பிறந்த பிறகு. பிறந்தநாள் அன்று வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கூடாது; விருந்து முடிந்து, அவர் கையலம்பி, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு போய்ப் பார்ப்பதுதான் பண்பு. பூஜைப் பொருட்கள் கொண்டுபோகவும் தடை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்ற பழைய புலம்பலுக்கே அங்கே வேலையில்லை. பூசாரி, சூடம், மணி எல்லாமே சாவடியோடு நின்றுவிடுகின்றன. பிளாஸ்டிக்கும் மதுவும் பீடியும் கூடாது. இதை மனதாரச் சொல்கிறேன், இந்த விதிக்கு மட்டும் கைதட்டல் கலப்படமில்லாதது. பையைத் திறந்து பார்க்கும் அந்தக் காவலரின் கையில் மாட்டும் பொருட்களைப் பார்த்தால், நம் ஆட்கள் மலைக்கு எதற்காகப் போகிறார்கள் என்பது தெளிவாகும்.

ஒரு சிறு வரலாறு. 1850களில் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். காற்றழுத்தமும் பூமியின் காந்தமும் உயரத்தில் எப்படி மாறுகின்றன என்று பார்க்க, அகத்திய மலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். பாதையில்லாத காட்டை வெட்டி, கண்ணாடிக் கருவிகளை ஆட்கள் தலையில் ஏற்றி, காற்றும் மழையும் பிய்த்தெறியும் பாறை மேல் கட்டடம் எழுப்பினார். பாவம், அவருக்கு வாய்த்ததெல்லாம் அவ்வளவுதான். வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்து, நான் இயந்திரமில்லை, மனிதன்தான் என்று நிரூபிக்கும் பேறு அவருக்குக் கிட்டவே இல்லை. அவர் மனிதர்தானா என்பது இன்றுவரை ஐயத்துக்குரியது.

மலைக்குச் சொந்தக்காரர்கள் யார் என்றால் காணிகள். அவர்களையும் அனுமதிச் சீட்டின் அருள் விட்டுவைக்கவில்லை. 1987இல் புஷ்பாங்கதன் என்ற தாவர விஞ்ஞானியின் குழு இந்தக் காட்டுக்குள் ஏறியது. வழிகாட்டிகளாகக் காணிகள் கூடப் போனார்கள். பாதி வழியில் விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காணிகளோ எதையோ மென்றுகொண்டு பூங்காவில் உலாவுகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். என்ன அது என்று கேட்டால் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டதும் ஒரு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தார்கள். உரிமப் பணத்திலும் பங்குத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம். அந்தப் பணத்தைக் கையாள 1997இல் காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகமெல்லாம் இதைப் பாடமாக வைத்தார்கள். 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஐ.நா.வின் பரிசும் கிடைத்தது.

எல்லாம் சரி, செடி வேண்டுமே. மருந்துக்கு வேண்டிய அளவு இலையைக் காட்டிலிருந்து எடுக்கவும், காட்டோரத்தில் பயிரிட்டு விற்கவும் காணிகள் முன்வந்தபோது, துறை தன் கடமையைச் செய்தது. அனுமதி? அரிய செடியாயிற்றே, காட்டை விட்டு வெளியே போகலாமா? இழுபறியில் இலை வரத்துக் குறைந்தது, மருந்து உற்பத்தியும் தள்ளாடியது. எத்தனையோ தலைமுறையாக அந்தச் செடியைத் தின்று, தின்றும் தீர்ந்துபோகாமல் வைத்திருந்த பொறுப்பற்ற மக்களிடமிருந்து அதைக் காப்பாற்றியாக வேண்டும் அல்லவா? இன்றைக்குக் காணிகளில் பலருக்கு மலையேற்றப் பருவத்தில் வழிகாட்டி வேலையும் முகாம் வேலையும் கிடைக்கிறது. கஞ்சி காய்ச்சுகிறார்கள், யானை நிற்கும் பக்கம் போகாமல் திருப்பிவிடுகிறார்கள், பொங்கலாப்பாறைக்கு மேலே கயிறு கட்டிய பாறையில் நடுங்குகிறவர்களுக்குக் கை கொடுக்கிறார்கள். நூறு பேரும் பத்திரமாகத் திரும்பி வருவது சான்றிதழால் என்று காகிதத்தில் இருக்கிறது. கூட நடந்த காணிக்காரரிடம் கேட்டுப் பார்த்தால் அவர் சிரிப்பார்.

கிடைத்தவர்களையும் கொஞ்சம் வாழ்த்தியாக வேண்டும். சீட்டின் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும் வேகத்தைப் பார்த்தால், மலை ஏறுவது அதற்குப் பின்குறிப்பு மாதிரிதான் தெரிகிறது. உச்சியில் அகத்தியர் சிலை முன்பு நிற்கும் நேரம் கொஞ்சம். அதில் சிலைக்கு முதுகு காட்டி, போனுக்கு முகம் காட்டி நிற்கும் நேரம் பெரும்பகுதி. முனிவர் கோபக்காரர் என்று புராணம் சொல்லுமே, கடலைக் குடித்தவர், விந்தியத்தை அமுக்கியவர். நூறு முதுகுகளை ஒரு மாதத்துக்கு மேலாக நாள்தோறும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். இங்கே பக்குவப்பட்டது யார் என்று பாருங்கள். சீட்டு வாங்கிவிட்டுக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போகாதவர்களும் இருக்கிறார்கள். மற்றவர்கள் தியாகம் என்றால் ஆசையை விடுவார்கள். இவர்கள் இன்னொருவர் ஆசையையும் சேர்த்து விட்டவர்கள்.

எல்லா ஏற்பாடும் இவ்வளவு கச்சிதமாக இருக்கையில், ஒரே ஓர் ஓட்டையைத் துறைகள் இரண்டின் கவனத்துக்கும் கொண்டுவருவது என் கடமை. அதே மலையில் பூங்குளத்துப் பக்கம் பிறந்து தாமிரபரணி என்று ஒன்று இறங்கி வருகிறது. புலிகள் காப்பகத்தின் நட்டநடுவே, மூடிய அதே யாத்திரைப் பாதையை ஒட்டி, இரவு பகல் பாராமல் வருகிறது. ஆதார் இல்லை, உடல்தகுதிச் சான்று இல்லை, நாளொன்றுக்கு இத்தனை என்ற வரையறையும் இல்லை. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மலையேற விடாத நாட்டில், பிறந்த குழந்தைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். பாபநாசம் படித்துறையில் ஒரு சாவடி போட்டு, காலையில் நூறு குடம் மட்டும் என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். ஒரே விண்ணப்பத்தில் பத்துக் குடம் வரை.